சங்கரன்கோவில் வட்டாரம்: சிறு உழவர்களுக்கு அரசு உதவி

சங்கரன்கோவில் வட்டாரம் தென்காசி மாவட்டத்தின் வடகிழக்கில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் அமைந்துள்ளது. 2019 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. தாமிரபரணிக் கால்வாய்கள் இங்கு எட்டுவதில்லை. குளமும் கிணறும் ஐப்பசி, கார்த்திகை மழையுமே வேளாண்மைக்கு ஆதாரம். பருத்தி, மக்காச்சோளம், உளுந்து, பாசிப்பயறு, மிளகாய், பூ ஆகியவை முக்கியச் சாகுபடிகள். இரண்டரை ஏக்கர் வரை நிலம் உள்ளவரைக் குறு விவசாயி என்றும், ஐந்து ஏக்கர் வரை உள்ளவரைச் சிறு விவசாயி என்றும் அரசு வகைப்படுத்துகிறது.

பாளையக்காரர் காலத்துக் குளத் திருப்பணிகள், வரித் தள்ளுபடிகள் பற்றிச் சிதறிய குறிப்புகளே கிடைக்கின்றன. அரசு உதவியின் தொடர்ச்சியான பதிவு 1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின்னரே தொடங்குகிறது. அப்பஞ்சத்தில் இந்தியா முழுவதும் இறந்தோர் 55 லட்சம் என்றும், 80 லட்சத்துக்கும் மேல் என்றும் மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. 1880இல் பஞ்ச ஆணையம் அளித்த அறிக்கையை அடுத்து, 1883இல் நில மேம்பாட்டுக் கடன் சட்டமும் 1884இல் உழவர் கடன் சட்டமும் வந்தன. மக்கள் இவற்றைத் தக்காவிக் கடன் என்றனர். கிணறு வெட்டவும் மாடு, விதை வாங்கவும் பணம் கிடைத்தது. தவணை தவறினால் நிலவரிப் பாக்கியைப் போல வசூலிக்கப்பட்டது. நில மேம்பாட்டுக் கடனுக்கு நிலமே ஈடு என்பதால், நிலம் இல்லாமல் உழுதவருக்கு அது பயன்படவில்லை. 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்துக்குப் பின் கிராமச் சங்கங்கள் இந்தக் கடன் பணியை மெல்ல ஏற்றன.

இந்த வரலாற்றில் மிக விரிவாகப் பதிவானது கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் பணி. சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, இவ்வட்டாரத்தைப் போன்ற கரிசல் மண் பரப்பில் 1901இல் இது தொடங்கப்பட்டது. தூத்துக்குடித் துறைமுகம் வழியே ஏற்றுமதியான திருநெல்வேலிப் பருத்தியில் உப்பம், கருங்கண்ணி ஆகிய ரகங்கள் கலந்து தரம் குன்றியிருந்தது. நிலையம் கருங்கண்ணியைத் தனியே தேர்ந்தெடுத்து, தூய விதையைப் பெருக்கி ஊர்களுக்கு வழங்கியது. இதனால் கூடுதல் பயன் பெற்றவர் உழவரா, பஞ்சு வணிகரும் ஆலைகளுமா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. ஆயினும் மானாவாரி நிலத்தையே முதன்மையாக நோக்கிய அரசு முயற்சிகளில் இது மூத்தவற்றுள் ஒன்று.

பிற்காலத்தில் இந்நிலையம் பரிந்துரைத்த முன்பருவ விதைப்பு இன்றும் கவனத்துக்குரியது. சோள விதையை 2 சதவீதப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்துவர். புரட்டாசி மழைக்கு முன்பே புழுதியில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் விதைப்பர். லேசான தூறலுக்கு அது முளைக்காது. நல்ல மழை இறங்கிய பிறகே முளைவிடும். ஓரிரண்டு ஏக்கரே உள்ளவருக்கு விதை வீணாகாமல் காக்கும் இம்முறை, செலவு குறைந்த அரிய உதவி. மிளகாய், குதிரைவாலி ஆகியவற்றிலும் கோவில்பட்டியின் பெயரைத் தாங்கிய 'கே' ரகங்கள் வெளியாயின.

விடுதலைக்குப் பிந்தைய பசுமைப் புரட்சித் திட்டங்கள் பாசனப் பகுதிகளையே முதலில் தழுவின. 1960இல் தீவிர வேளாண் திட்டத்துக்குத் தமிழகத்தில் தேர்வானது தஞ்சாவூர். இலவச மின்சாரம் 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் அனைவருக்கும் கிடைத்தது. அது கிணற்றுப் பாசனத்தைக் காத்தது என்போரும், நிலத்தடி நீரை வற்றச் செய்தது என்போரும் உண்டு.

2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சிப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அதே 2016இல் நடைமுறைக்கு வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டில் ராபிப் பருவ உணவுப் பயிருக்கு உழவர் கட்டும் பங்கு 1.5 சதவீதம், வணிகப் பயிருக்கு 5 சதவீதம். இழப்பீடு பெரும்பாலும் கிராமம் அல்லது குறுவட்டத்தின் சராசரி விளைச்சலைக் கொண்டு கணக்கிடப்படுவதால், தனி ஒருவரின் வயல் கருகினாலும் தொகை வராமல் போகலாம். உழவர் சங்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறை இது. கூட்டுறவுக் கடன்கள் 2006, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் தள்ளுபடி ஆயின. 2016இல் அச்சலுகை சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும். மானாவாரிக்கெனத் தனி இயக்கத்தை மாநில அரசு 2016-17இல் அறிவித்தது.

2018இல் இந்தியாவுக்குள் நுழைந்த படைப்புழு மக்காச்சோளத்தை அழித்தபோது மாநில அரசு நிவாரணம் அளித்தது. 2021 முதல் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை தாக்கலாகிறது. 2023, இந்தியாவின் முன்மொழிவால் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அமைந்தது. அவ்வாண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழை தென் மாவட்டங்களைத் தாக்கியது. ஆயினும் மழையின் அளவைவிட அது வரும் காலம் தவறுவதே கரிசல் விதைப்பைக் கூடுதலாகப் பாதிக்கிறது.

பழைய நில மேம்பாட்டுக் கடனைப் போலவே, ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் பிரதமரின் உழவர் நிதி சொந்தப் பெயரில் சாகுபடி நிலம் உள்ள குடும்பங்களுக்கே உரியது. குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுவோர் அதில் சேர்க்கப்படவில்லை.