சமூக வெள்ள வரைபடம்

வெள்ளம் சூழ்ந்த தெருவில் இருப்பவர்களே அனுப்பும் தகவல்களைத் திரட்டி, எங்கே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று உடனுக்குடன் காட்டும் இணைய வரைபடம் சமூக வெள்ள வரைபடம் எனப்படும். தகவலைப் பெறுதல், சேமித்தல், எல்லோருக்கும் காட்டுதல் ஆகிய பணிகள், தொலைவிலுள்ள கணினிகளை இணையம் வழியே பயன்படுத்தும் மேகக் கணிமை வழியே நடக்கின்றன. ஜகார்த்தா, சென்னை ஆகிய நகரங்களில் இது பயன்பட்டுள்ளது. காட்டாக்கடை, நெய்யாற்றின்கரை, பாறசாலை போன்ற கேரள–தமிழ்நாடு எல்லையோர ஊர்களுக்கும் இது பொருந்தும்.

தேவை

மழைமானி எவ்வளவு பெய்தது என்று சொல்லும். அணையின் அளவுகோல் எவ்வளவு நிரம்பியது என்று சொல்லும். இந்தத் தெருவில் ஆம்புலன்ஸ் போகுமா என்ற கேள்விக்கு இரண்டிலும் விடை இல்லை. மழைமேகத்தை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோள்கூட அதே இடத்துக்குத் திரும்ப வரப் பல நாட்களாகும். நெருக்கமான கட்டடங்களுக்கு நடுவே தேங்கும் நீரை ரேடார் படத்தில் பிரித்தறிவதும் கடினம். அந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர் அங்கேயே நிற்கும் மனிதர்.

மேகக் கணிமையின் பங்கு

வெள்ள வரைபடத்தைச் சாதாரண நாளில் சிலரே பார்ப்பார்கள். பெருமழை இரவில் லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் திறப்பார்கள். மேகக் கணிமையில் தேவைக்கேற்பக் கணினித் திறன் தானாகக் கூடும், மழை ஓய்ந்ததும் குறையும். பயன்படுத்திய அளவுக்கே கட்டணம் என்பதால் சிறிய தன்னார்வக் குழுக்களாலும் இதை நடத்த முடியும். தரவு மையம் தொலைவில் இருப்பதால், உள்ளூரில் மின்சாரம் போனாலும் அலுவலகத்துக்குள் தண்ணீர் புகுந்தாலும் வரைபடம் நிற்காது.

செயல்படும் முறை

2014 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் வொல்லங்காங் பல்கலைக்கழகம், ஜகார்த்தாவின் பேரிடர் மேலாண்மை முகமையுடனும் ட்விட்டருடனும் சேர்ந்து 'பெத்தாஜகார்த்தா' வரைபடத்தைத் தொடங்கியது. வெள்ளத்தைக் குறிக்கும் 'பஞ்சிர்' என்ற சொல் வரும் பதிவுகளைக் கண்டறிந்து, பதிவிட்டவரிடம் இருப்பிடத்தோடு உறுதிசெய்யுமாறு அது தானாகக் கேட்டது. இதற்காக எழுதப்பட்ட 'காக்னிசிட்டி' என்ற திறமூல மென்பொருள் பின்னர் மற்ற நகரங்களுக்கும் சென்றது.

அதன் பிந்தைய வடிவத்தில், ஒருவர் சமூக ஊடகத்தில் உள்ள தானியங்கி உரையாடல் நிரலுக்குச் செய்தி அனுப்பினால், அவருக்கென்று தனி இணைப்பு ஒன்று வரும். அதைத் திறந்து, வரைபடத்தில் இடத்தைக் குறித்து, நீரின் உயரத்தைக் காட்டி, படமும் இரண்டு வரிக் குறிப்பும் சேர்த்து அனுப்பினால், அது சில நொடிகளில் எல்லோர் திரையிலும் தெரியும். பேரிடர் அலுவலர்கள் இவற்றைச் சரிபார்த்து, பகுதிவாரியாக நிலையை அறிவிப்பார்கள். இந்தோனேசிய வரைபடத்தில் 10 முதல் 70 செ.மீ. வரை சிறு வெள்ளம், 71 முதல் 150 செ.மீ. வரை நடுத்தர வெள்ளம், அதற்கு மேல் கடும் வெள்ளம்.

சென்னை

2015 டிசம்பர் முதல் நாட்களில் சென்னையும் புறநகரும் மூழ்கின. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 49 செ.மீ. மழை பதிவானது. அந்த நாட்களில், எவரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் பங்களிப்பாளரான அருண் கணேஷ் ஒரு வரைபடத்தை இணையத்தில் ஏற்றினார். தண்ணீர் நிற்கும் தெருவைத் தொட்டால் அது நிறம் மாறும். வேறு பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை. ஆயிரக்கணக்கான தெருக்களை மக்களே குறித்தார்கள். 2017இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் அர்பன் ரிஸ்க் லேப், காக்னிசிட்டி மென்பொருளின் அடிப்படையில் 'ரிஸ்க்மேப்' திட்டத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்தது.

கேரளம்

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரள மாநில ஐ.டி. மிஷனும் தன்னார்வ மென்பொருளாளர்களும் 'கேரளாரெஸ்க்யூ' தளத்தை உருவாக்கினார்கள். மீட்புக் கோரிக்கைகள், முகாம் விவரங்கள், தன்னார்வலர் பதிவு எல்லாம் அதில் ஒன்றுசேர்ந்தன. திருவனந்தபுரம் கடற்கரையிலிருந்து லாரிகளில் படகேற்றிச் சென்ற மீனவர்கள், முன்பின் அறியாத ஊர்களுக்குள் இறங்கி மக்களை மீட்டார்கள். அடையாளங்கள் நீரில் மறைந்த அத்தகைய ஊர்களில், கதவு எண்ணைவிட வரைபடப் புள்ளியே வழிகாட்டும்.

எல்லையோர ஊர்கள்

அகத்தியமலையில் பிறக்கும் நெய்யாறு, காட்டாக்கடை வட்டத்தில் உள்ள அணையைத் தாண்டி, நெய்யாற்றின்கரை வழியாகப் பூவாறில் கடலில் கலக்கிறது. கனமழையில் அணையின் ஷட்டர்களைச் சில செ.மீ. உயர்த்தினாலும் கீழே உள்ள கரையோரத்தார் விழித்திருக்க வேண்டும். பாறசாலையைத் தாண்டினால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்குகிறது. 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் திருவனந்தபுரம்–நாகர்கோவில் ரயில் பாதையில் மண் சரிந்து போக்குவரத்து முடங்கியபோது, இரு மாநிலத்தாரும் சேர்ந்தே தவித்தார்கள். ஆகவே இங்கே அமையும் வரைபடம் மலையாளத்திலும் தமிழிலும் தகவல் பெற வேண்டும்; திருவனந்தபுரம், கன்னியாகுமரி ஆகிய இரு மாவட்டக் கட்டுப்பாட்டு அறைகளும் அதையே பார்க்க வேண்டும்.

வரம்புகள்

செல்பேசிக் கோபுரம் செயலிழந்தால் தகவல் வராது. பதிவே இல்லாத பகுதி பாதுகாப்பான பகுதி என்று கொள்ளக் கூடாது. கைபேசி இல்லாத முதியவர்கள் அங்கே சிக்கியிருக்கலாம். பழைய பதிவுகளும் ஆபத்தானவை. 2018இல் மீட்கப்பட்டுவிட்டவர்களின் கோரிக்கைகள் சமூக ஊடகங்களில் தொடர்ந்து சுற்றி, மீட்புக் குழுக்களை அலைக்கழித்தன. அதனால் ஒவ்வொரு பதிவிலும் நேரம் தெரிய வேண்டும், காலாவதியானது தானாக மறைய வேண்டும். உதவி கேட்டவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் மீட்பவருக்கு மட்டுமே தெரிய வேண்டும்.

முன்னேற்பாடு

அடிப்படை வரைபடத்தில் இல்லாத சந்தையோ ஓடையோ வெள்ள நாளில் குறிக்கவும் முடியாது. 2018 வெள்ளத்தின் பாடத்தால் கேரள அரசு 2019இல் 'மேப்பத்தான் கேரளம்' என்ற இயக்கத்தைத் தொடங்கி, ஊர் விவரங்களை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்க்க மக்களை அழைத்தது. வார்டு உறுப்பினர்கள், குடும்பஸ்ரீ மகளிர் அமைப்பினர், பள்ளி மாணவர்கள் ஆகியோர் கோடையிலேயே கால்வாய், கல்வெர்ட், தாழ்வான சாலை, முகாமாகும் பள்ளிக்கூடம் ஆகியவற்றைக் குறித்துவைத்தால், மழைக்காலத்தில் வரும் ஒவ்வொரு தகவலும் சரியான இடத்தில் விழும். மீட்புப் படகும் சரியான வாசலுக்குச் செல்லும்.