மரையின் வரலாறு

நாட்டு வரலாறு என்றதும் மன்னர்களும் ஆளுநர்களும் உடன்படிக்கைகளுமே பலர் நினைவில் எழுவர். எனினும் எளிய மக்களின் கைகளில் நாள்தோறும் புழங்கிய பொருள்களுக்கும் வரலாறு உண்டு. மலாயாத் தோட்டத்து மக்களை லயத்திலிருந்து பள்ளிக்கும், பால்மரக் காட்டிற்கும், பட்டணத்துக் கடைத்தெருவிற்கும் சுமந்து சென்ற மிதிவண்டி அத்தகைய பொருளாகும்.

புதிய வண்டியை விலைகொடுத்து வாங்கும் வசதி எல்லார்க்கும் வாய்க்கவில்லை. ஒரு வண்டியின் சட்டமும், மற்றொன்றின் சக்கரமும், வேறொன்றின் மிதிதண்டும் சேர்ந்து உருவான வண்டிகள் பல. மிதிவண்டி ஒரே நாளில் இறந்துபடுவதில்லை. அது உறுப்பு உறுப்பாகப் பிரிந்து, வேறு வண்டிகளில் மீண்டும் உயிர் பெறுகிறது. அவ்வாறு உயிர்பெறுவதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. இவ்வுறுப்பு அவ்வண்டிக்குப் பொருந்துமா என்னும் வினாவிற்கு விடை தெரிதல் வேண்டும். பழைய சாமான் கடையில் நின்று கேட்கப்படும் இச்சிறு வினாவின் பின்னே ஒரு நூற்றாண்டிற்கும் மேற்பட்ட வரலாறு மறைந்து கிடக்கிறது.

துப்பாக்கிப் பட்டறையிற் பிறந்த அளவு

இன்று நாம் காணும் மிதிவண்டியின் வடிவம் 1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கவன்றி நகரில் ஸ்டார்லி என்பார் உருவாக்கிய ரோவர் வண்டியிலிருந்து தொடங்குகிறது எனலாம். அதற்கு வேண்டிய உருளைச் சங்கிலியை 1880இல் ஹான்ஸ் ரெனால்டு அமைத்திருந்தார். காற்றடைத்த டயரை 1888இல் பெல்பாஸ்டு நகரில் டன்லப் உருவாக்கினார். வடிவம் கிடைத்துவிட்டது, ஆனால் அளவு கிடைக்கவில்லை. ஒவ்வொரு பட்டறையும் தனக்கென ஓர் அளவில் மரை வெட்டியது. ஒரு பட்டறையின் திருகு மற்றொரு பட்டறையின் துளைக்குள் நுழைய மறுத்தது.

இக்குறையைத் தீர்க்கும் வழி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பர்மிங்காம் நகரின் துப்பாக்கிக் கொல்லர்கள் ஒன்றுகூடி 1861இல் பி.எஸ்.ஏ. என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். ஒரு துப்பாக்கியின் எந்த உறுப்பும் அதே வகைத் துப்பாக்கி எதற்கும் பொருந்துமாறு எந்திரத்தால் செய்வதே அவர்களின் நோக்கம். போர்க்களத்தில் உடைந்த உறுப்பிற்கு மாற்றுறுப்பு உடனே பொருந்தவேண்டும் என்னும் தேவையே அம்முறையைப் பிறப்பித்தது. ஆயுதத் தேவை குறைந்த காலத்தில் அந்நிறுவனம் மிதிவண்டித் தொழிலை நாடிற்று; 1893இல் சக்கரக் குடங்களைச் செய்யத் தொடங்கிற்று. பின்னர் முழுத்தொகுதி உறுப்புகளையும் விற்றது. சிறு பட்டறைக்காரர்கள் அவற்றை வாங்கித் தம் பெயரிலேயே வண்டி கட்டினர். அவ்வுறுப்புகளில் பொறிக்கப்பட்ட மூன்று துப்பாக்கிச் சின்னம் அவற்றின் பிறப்பிடத்தைச் சொல்லாமற் சொல்லிற்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் மிதிவண்டிப் பொறியாளர்கள் மரைகளுக்குப் பொதுவான அளவுகளை வகுத்தனர். பெரும்பாலான சிறு உறுப்புகளுக்கு அங்குலத்திற்கு 26 மரை. மிதியச்சைத் தாங்கும் குழலுக்கும் முன்கவைத் தண்டிற்கும் 24 மரை. மிதிக்கட்டைக்கு 20 மரை. இவ்வெண்கள் பேரரசின் கப்பல்களில் ஏறி உலகெங்கும் சென்றன.

ஜப்பானிலும் இதே கதை நிகழ்ந்தது என்பது வியப்பிற்குரியது. ஒசாக்காவை அடுத்த சாக்காய் நகரம் முற்காலத்தில் துப்பாக்கி செய்வதிற் பெயர்பெற்றது. அங்கு வழிவழி வந்த கொல்லுத் திறன், மெய்ஜி காலத்தில் மிதிவண்டிப் பழுதுபார்ப்பிற்கும் உறுப்புச் செய்கைக்கும் திரும்பிற்று. 1921இல் அந்நகரில் ஷிமானோ பட்டறை தோன்றிற்று; அதன் முதற்பொருள் பின்சக்கரத்துப் ப்ரீவீல். ஜப்பானியர் பெரும்பாலும் பிரிட்டிஷ் மரை அளவுகளையே பின்பற்றினர்.

பால்மரமும் சக்கரமும்

இவ்வரலாற்றில் தமிழர் வெறும் வாடிக்கையாளர் அல்லர். பிரேசில் நாட்டு ரப்பர் நாற்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். இடைப்பட்ட காலத்திற் பிறந்த காற்றடைத்த டயரே ரப்பரின் தேவையை முதலில் உயர்த்தியது. பின்னர் மோட்டார் வண்டி அதனைப் பன்மடங்கு பெருக்கிற்று. அத்தேவையை நிறைவு செய்யத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் ஆயிரக்கணக்கில் கடல் கடந்தனர். அவர்கள் வெட்டிய மரத்தின் பால் காய்ந்த தகடாகி மேனாடு சென்றது. டயராகவும் டியூபாகவும் விலையேறித் திரும்பி வந்தது. தம் உழைப்பின் பயனையே விலைகொடுத்து வாங்க இயலாதவர், பிறர் பயன்படுத்திய டயரைத் தேடினர்.

ஒரே பெயர், வேறு அளவு

பழைய உறுப்பு வாங்குவோர் முதலில் அறியவேண்டுவது, பெயர் ஒன்றாயினும் அளவு ஒன்றாகாது என்பதே. டயர் இதற்குத் தலைசிறந்த சான்று. இருபத்தாறு அங்குலம் என்று பெயர் பெற்ற டயர்கள் பல. அவற்றுள் ஒன்றே எட்டில் மூன்றா, ஒன்றேகாலா, ஒன்றரையா என்று பார்த்தல் வேண்டும். 26 x 1⅜ எனக் குறித்த டயர் 590 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள விளிம்பில் அமர்வது. 26 x 1¼ என்பது 597. 26 x 1½ என்பது 584. மலையேறும் வண்டிகளில் வந்த, தசமப் புள்ளியிட்டு எழுதப்படும் 26 அங்குல டயரோ 559. ஆகவே சிறிய டயரைப் பெரிய விளிம்பில் எவ்வளவு வலிந்தும் ஏற்ற முடியாது. பெரிய டயரைச் சிறிய விளிம்பில் ஏற்றினால் காற்றடித்ததும் கழன்று தெறிக்கும். கம்பித்தடை பூட்டிய கறுப்பு வண்டிகளின் 28 x 1½ டயருக்கு உரியது 635. இக்குழப்பத்தைக் களையவே பிற்காலத்தில் அனைத்துலகத் தர அமைப்பு, டயரின் அகலத்தையும் விளிம்பின் குறுக்களவையும் மில்லிமீட்டரில் அச்சிடும் முறையைக் கொணர்ந்தது.

சக்கரம் வாங்குவோர் ஆரக்கம்பித் துளைகளை எண்ணவேண்டும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் முன்சக்கரத்திற்கு 32, பின்சக்கரத்திற்கு 40. பிற நாட்டு வண்டிகள் பலவற்றில் இரண்டிற்கும் 36. நாற்பது துளைக் குடத்திற்கு முப்பத்தாறு துளை விளிம்பு உதவாது.

மரையில் ஏமாற்றம் இன்னும் நுண்ணியது. மிதியச்சுக் குழலின் ஆங்கில அளவு 1.37 அங்குலம், அதாவது ஏறத்தாழ 34.8 மில்லிமீட்டர், பிரெஞ்சு அளவு 35, இத்தாலிய அளவு 36. ஆங்கில முறையில் வலப்புறக் கிண்ணம் இடமாகத் திருகி இறுகும். பிரெஞ்சு, இத்தாலிய முறைகளில் வலமாகவே திருகி இறுகும். இஃதறியாதவர் கழற்றுவதாக எண்ணி மேலும் இறுக்குவர். நாட்டிங்காமின் ராலே நிறுவனமோ தன் வண்டிகள் பலவற்றில் 24 மரைக்கு மாறாக 26 மரை வெட்டிற்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கையால் திருகினால் முதலிற் சிறிது நுழையும். பின்னர் இறுகி நின்றுவிடும். வலிந்து திருகினால் சட்டமே பாழாகும். ஆகவே ராலே வண்டிக்காரர் ராலே உறுப்பையே தேடி அலைய நேர்ந்தது. அளவைத் தன்னுடைமையாக்கிக் கொண்டவன் வாடிக்கையாளரையும் தன்னுடைமையாக்கிக் கொள்கிறான் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

முன்கவையின் அடிக்கிண்ணம் அமரும் இடம் ஒரு முறையில் 26.4 மில்லிமீட்டர், ஜப்பானிய முறையில் 27. வேறுபாடு அரை மில்லிமீட்டருக்குச் சற்றே மிகுதி. ஆயினும் ஒன்று தளரும், மற்றொன்று நுழையாது.

போர்க்காலம்

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. எழுபது நாள்களில் தீபகற்பத்தின் நெடுமை முழுவதையும் அப்படை கடந்ததற்கு மிதிவண்டி ஒரு பெருங்காரணம். தளபதி யாமாஷிதாவின் படையில் திட்ட அதிகாரியாய் இருந்த சுஜி தம் நூலில் இதனை விரித்துரைக்கிறார். ஒரு பிரிவிற்கு ஏறத்தாழ 6,000 மிதிவண்டிகள் அளிக்கப்பட்டன என்றும், ஒவ்வொரு கம்பெனியிலும் பழுதுபார்ப்போர் குறைந்தது இருவர் இருந்தனர் என்றும், நாளொன்றுக்குச் சராசரி இருபது வண்டிகள் அவர்களாற் செப்பனிடப்பட்டன என்றும் அவர் குறிக்கிறார். வெப்பத்தில் டயர்கள் வெடித்தபோது வீரர்கள் வெறும் விளிம்பின் மீதே வண்டியோட்டினர். இரவில் அவ்வோசையைக் கவச வண்டிகளின் ஓசை என எதிர்ப்படை மயங்கிற்று என்பதும் அவர் கூற்றே.

இவற்றினும் கருதத்தக்கது வேறொன்று. போருக்கு முன்பே ஜப்பானின் மலிவான மிதிவண்டிகள் இப்பகுதி நாடுகளில் விற்பனையாகியிருந்தன. ஆகவே மாற்றுறுப்புகள் வழியெங்கும் எளிதிற் கிடைத்தன என்கிறார் சுஜி. அவர் வெற்றிபெற்றவர் தரப்பில் நின்று எழுதியவர். சிங்கப்பூர்ச் சீனர் படுகொலையோடு தொடர்புபடுத்திப் பேசப்படுபவர். ஆகவே அவருடைய பெருமிதத்தை அப்படியே ஏற்றல் வேண்டா. மக்களிடமிருந்தும் கடைகளிலிருந்தும் பறிக்கப்பட்ட மிதிவண்டிகளும் அப்படைக்கு உதவின. உறுப்பு பொருந்திற்று என்பது படைக்கு வசதி; வண்டியை இழந்த குடும்பத்திற்கு அதுவே வாழ்வின் முடக்கம். பொதுவான அளவு நன்மையே. எனினும் அளவு தானாக அறம் அறியாது. அதனைக் கையாளும் கையே அறத்தையும் மறத்தையும் தீர்மானிக்கிறது.

சந்தையும் சான்றாண்மையும்

போருக்குப்பின் 1947இல் சிங்கப்பூரில் மனிதர் இழுக்கும் ரிக்‌ஷா ஒழிந்தது. மிதிவண்டியோடு பக்கப்பெட்டி பூட்டிய திரிஷா அதன் இடத்தைப் பிடித்தது. அதனால் மிதிவண்டி உறுப்புகளுக்குத் தேவையும் மிகுந்தது. 1930களில் தோன்றிய சுங்கை ரோடு சந்தை பழைய பொருள்களின் பெருங்களமாய் விளங்கிற்று. திருட்டுச் சந்தை என்றும், புகழ்பெற்ற பெருங்கடையின் பெயரைக் கேலியாய் இணைத்து ராபின்சன் பெத்தாங் என்றும் மக்கள் அதனை அழைத்தனர். 2017 ஜூலை 10ஆம் நாளோடு அச்சந்தை மூடப்பட்டது. பினாங்கில் ரோப் வாக், பின்னர் லோரோங் கூலிட் ஆகியவை இத்தகைய வணிகத்திற்குப் பெயர்பெற்றன.

இத்தகைய சந்தையில் வாங்குவோனுக்குக் கண்ணும் கையும் வேண்டும். சங்கிலியின் ஒரு கண்ணி முனைக்கும் மறுமுனைக்கும் இடையே அரை அங்குலம் என்பது நிலையான அளவு. எனவே இருபத்து நான்கு கண்ணிகளை அளந்தால் சரியாகப் பன்னிரண்டு அங்குலம் வரவேண்டும். எட்டில் ஓர் அங்குலம் மிகுந்தால் அது தேய்ந்த சங்கிலி. புதிய பற்சக்கரத்தையும் அது தின்றுவிடும். மிதிக்கட்டையில் இடப்புறத்தது இடமரை, வலப்புறத்தது வலமரை. இரண்டும் ஒரே பக்கத்தனவாய் இருந்தால் இணையன்று. பிரெஞ்சு மிதிக்கட்டை 14 மில்லிமீட்டர். ஆங்கிலக் கட்டை 14.3 அளவினது. ஸ்டர்மி ஆர்ச்சரின் மூன்று வேகக் குடத்தின் மேல் செய்த ஆண்டின் ஈரிலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். விற்பவர் கூறும் வயதை அவ்வெண் உறுதி செய்யும், அல்லது மறுக்கும். அச்சைச் சுழற்றி விரல்நுனியால் உணர்ந்தால் கிண்ணத்தின் குழிகள் தாமே பேசும்.

இவற்றினும் மேலானது ஒன்றுண்டு. உறுப்பு வண்டிக்குப் பொருந்தினால் மட்டும் போதாது. வாங்கும் செயல் அறத்திற்கும் பொருந்தவேண்டும். சட்டத்தில் பொறித்த எண் அராவப்பட்டிருந்தால், அதன் விலை எத்துணை மலிவாயினும் அது வேறொருவரின் கண்ணீர். திருட்டுப் பொருளென அறிந்தே பெறுவது மலேசியா, சிங்கப்பூர் ஆகிய இரு நாட்டுத் தண்டனைச் சட்டத்திலும் 411ஆம் பிரிவின்கீழ்க் குற்றமாகும். அதேபோல் விற்பவரும் விரிசலை வண்ணத்தால் மறைத்தல் தகாது. முன்கவை முறிந்தால் இழப்பு பணம் மட்டுமன்று.

முடிவுரை

1973இல் ஷிமானோ நிறுவனம் தன் கிளையைச் சிங்கப்பூரில் அமைத்தது. 2000ஆம் ஆண்டில் ஸ்டர்மி ஆர்ச்சரின் நாட்டிங்காம் தொழிற்சாலை ஓய்ந்தது. அதன் பெயரும் எந்திரங்களும் தைவானுக்குச் சென்றன. துப்பாக்கிக் கொல்லர் வகுத்த அளவு, இவ்வாறு கண்டம் விட்டுக் கண்டம் பெயர்ந்தும் முற்றும் அழிந்துவிடவில்லை. அரை அங்குலச் சங்கிலியும், இருபது மரை மிதிக்கட்டையும் இன்றும் நிலைத்துள்ளன. மற்றொரு புறம், ஆண்டுக்கோர் அளவைப் புதிதாய் வகுக்கும் போக்கும் வளர்ந்துள்ளது. பொதுவான அளவு எங்கே நிலைக்கிறதோ அங்கே எளியவன் தன் வண்டியைத் தானே செப்பனிட்டு வாழ்கிறான். அளவு தனியுடைமையாகும் இடத்திலோ நல்ல வண்டியும் குப்பையாகிறது.

மாணவர்கள் அங்குலத்தையும் மில்லிமீட்டரையும் வகுப்பறையிற் கணக்காகக் கற்கின்றனர். அவ்வெண்களுக்குப் பின்னே கொல்லர்களின் கையும், பால்மரம் வெட்டியவரின் உழைப்பும், வண்டியைப் பறிகொடுத்தவரின் துயரும் உள்ளன என்பதை உணர்ந்தால், துருப்பிடித்த ஒரு திருகும் அவர்களுக்கு வரலாற்று ஏடாகும்.