நீரை இறைத்த நிலமும் நீரைத் தேக்கிய ஊரும்

குலசேகரத்துக்கு மேலே பேச்சிப்பாறை அணை 1906-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் தண்ணீர் கோதையாற்றுக் கால்வாய்கள் வழியே நாஞ்சில் நாட்டு வயல்களுக்கும் குளங்களுக்கும் போய்ச் சேர்கிறது. அக்குளங்களில் சுசீந்திரம்–தேரூர்ப் பகுதி 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. நெதர்லாந்தின் ஓஸ்ட்வார்டர்ஸ்பிளாசன் 1989-லேயே அதில் சேர்ந்துவிட்டது. இரண்டும் மனிதர் உண்டாக்கிய நீர்நிலைகள். உண்டாக்கிய நோக்கம் மட்டும் நேரெதிர்.

டச்சுக்காரர்கள் 1932-இல் பெரிய அணைக்கரை போட்டுக் கடலின் வாயை அடைத்தார்கள். பிறகு உள்ளே பகுதி பகுதியாகக் கரை கட்டி, நீரை இறைத்து வெளியேற்றினார்கள். இப்படி எடுத்த நிலத்துக்குப் போல்டர் என்று பெயர். தெற்கு ஃபிளேவோலாண்ட் என்னும் போல்டர் 1968-இல் கரையேறியது. இன்றும் கடல்மட்டத்துக்குக் கீழேதான் கிடக்கிறது. அதில் மிகத் தாழ்ந்த மூலையைத் தொழிற்சாலைகளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். தொழிற்சாலைகள் வரத் தாமதமாயிற்று, நாணல் முந்திக்கொண்டது. அந்த மூலைதான் ஓஸ்ட்வார்டர்ஸ்பிளாசன். இறகுதிர்க்கும் பருவத்தில் ஆயிரக்கணக்கில் வந்திறங்கிய சாம்பல்நிறக் காட்டு வாத்துகள் அந்த நாணலை மேய்ந்து, சதுப்பு மூடிப்போகாமல் காத்தன. கரண்டிவாயன்கள் வந்தன. பறவைகளுக்காக ரயில்பாதையையே வளைத்துப் போட்டார்கள். 2006-இல் வெண்வால் கழுகு அங்கே கூடு கட்டியது. சும்மா விட்ட நிலம் இவ்வளவு தரும் என்பது எனக்குப் பெரும் வியப்பு.

ஆனால் சும்மா விடுவதற்கும் எல்லை உண்டு. 1983 முதல் மாடு, குதிரை, சிவப்பு மான் என்று கொண்டுவந்து வேலிக்குள் விட்டார்கள். மந்தை பெருகியது, வெளியேற வழியில்லை. 2017–18 குளிர்காலத்தில் தீவனமின்றி மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை மடிந்தன. நலிந்தவற்றில் பெரும்பாலானவற்றைக் காவலர்களே சுட நேர்ந்தது. அதன்பின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தார்கள்.

தேரூரின் கதை வேறு. இப்பகுதிக் குளங்களை ஒன்பதாம் நூற்றாண்டுச் செப்பேடே பெயர்சொல்லிக் குறிக்கிறது. ராம்சார் எல்லைக்குள் வருவது 94 ஹெக்டேர்தான். டச்சுச் சதுப்போ ஏறத்தாழ 5,600 ஹெக்டேர். தேரூரில் யாரும் நிலத்தைச் சும்மா விடவில்லை. கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு நெற்பருவங்களுக்கும் தண்ணீர் வேண்டுமென்று கரை கட்டினார்கள், மடை வைத்தார்கள், மறுகால் விட்டார்கள். அந்தத் தண்ணீரையும் தாமரையையும் அறுவடை முடிந்த வயலையும் நம்பித்தான் கூழைக்கடாவும் நாரையும் நீர்க்கோழியும் வாழ்கின்றன. மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் வாத்துகளுக்கு இந்தியப் பெருநிலத்தின் கடைசித் தங்கல்களில் ஒன்று இது.

ஆகவே டச்சு முறையை இங்கே அப்படியே பெயர்த்து நடமுடியாது. அங்கே மனிதர் ஒதுங்கியதால் பறவை வந்தது. இங்கே உழவர் ஒதுங்கினால் மடையைப் பார்க்க ஆளிருக்காது, குளம் தூர்ந்துவிடும். நெல்வயல் தென்னையாகவும் வாழையாகவும் வீட்டுமனையாகவும் மாறுவதைக் கண்முன் பார்க்கிறோம். குளத்தங்கரையில் பறவைப் பலகை நட்டால் மட்டும் போதாது. குளத்தின் கீழுள்ள வயலில் நெல் விளைய வழிசெய்யுங்கள். நெல் போடுகிறவருக்குக் கட்டுப்படியாகும் விலை கொடுங்கள்.