தக்காளி வீட்டில் வண்ணத்துப்பூச்சி

1998 பெப்ரவரியில் லண்டன் சென்றிருந்தபோது, ஹவுன்ஸ்லோவில் வசிக்கும் நண்பர் ஒருவர் அருகிலுள்ள சையன் பூங்காவின் வண்ணத்துப்பூச்சி இல்லத்துக்கு என்னை அழைத்துச் சென்றார். வெளியே எலும்பை உறையவைக்கும் குளிர். உள்ளே காலெடுத்து வைத்ததும் கமராவின் வில்லையில் ஆவி படர்ந்துவிட்டது. துடைக்கத் துடைக்க மீண்டும் படர்ந்தது. வில்லை சூடேறும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. குளிர் நாட்டில் எமது காட்டின் ஈரச்சூட்டை உண்டாக்கி, அதில் பூச்சிகளைப் பறக்கவிடும் எண்ணம் முதலில் யாருக்கு உதித்திருக்கும் என்று அப்போது யோசித்தேன்.

விடை பிற்பாடு கிடைத்தது. ஆங்கிலக் கால்வாயிலுள்ள குவேர்ன்சி, நீண்டகாலம் தக்காளியால் வாழ்ந்த தீவு. சூடேற்றிய கண்ணாடி வீடுகளில் விளைந்த பழங்கள் கப்பலேறி இங்கிலாந்து சென்றன. 1973இன் எண்ணெய் விலையேற்றம் அத்தொழிலின் முதுகை முறித்தது. மலிவான இயற்கை வாயுவைக் கொண்டு விளைவித்த ஒல்லாந்து விவசாயிகளோடு தீவாரால் போட்டியிட முடியவில்லை. கண்ணாடி வீடுகள் வெறுமையாகின. கோப்பி அழிந்த மண்ணில் தேயிலை நட்ட நாட்டவர்களாகிய எமக்கு இது புதிய கதையன்று. 1970களின் பிற்பாதியில் டேவிட் லோ என்பவர் அத்தகைய வீடொன்றில் வெப்பவலய வண்ணத்துப்பூச்சிகளைப் பறக்கவிட்டு, கட்டணம் பெற்று மக்களை அனுமதித்தார். 1981இல் கிளைவ் ஃபரல் சையன் பூங்காவில் இல்லம் அமைத்தார். 1986இல் பினாங்கிலும் ஒரு பண்ணை திறக்கப்பட்டது.

இவ்வில்லங்களில் பறப்பவற்றில் பெரும்பாலானவை கொஸ்தாரிக்கா, மலேசியா போன்ற நாடுகளின் பண்ணைகளிலிருந்து, பஞ்சில் பொதியப்பட்ட கூட்டுப்புழுக்களாக விமானத்தில் வருபவை.

அதுவரை நூல்களில் நான் கண்ட நெருக்கப் படங்கள் பெரும்பாலும் ஊசி குத்தி, சிறகு விரித்து உலர்த்திய உடல்களே. இங்கேயோ ஒரு சாண் தூரத்தில் உயிரோடு அமர்ந்திருந்தன. படச்சுருளைச் சிறகுக்குச் சமாந்தரமாகப் பிடித்தாலன்றி ஓரம் தெளியாது. மூச்சு விட்டாலும் பறந்துவிடும். பெயர்பெற்ற நீல மோர்போவை எடுப்பதே என் நோக்கம். அதன் நீலத்தில் சாயமில்லை. சிறகுச் செதில்களின் நுண்ணிய வரிகளில் ஒளி பட்டுத் தெறிப்பதால் தோன்றும் நிறம் அது. ஆனால் அமர்ந்தவுடன் சிறகை மூடிக்கொள்ளும். மூடிய சிறகின் வெளிப்புறம் பழுப்பு, அதில் கண்போன்ற புள்ளிகள்.

36 படங்களையும் கொழும்பில் கழுவிப் பார்த்தபோது, "இது விட்டில் அல்லவா? நீலம் எங்கே?" என்று ஆசிரியர் கேட்டார். படம் வெளியாகவில்லை. எனக்கு அன்று கோபம்தான். இன்று நினைத்தால், கண்ட உண்மையைக் காட்டியதற்காகப் படம் தள்ளப்பட்டது என்றே தோன்றுகிறது.

சையன் பூங்கா இல்லம் 2007இல் மூடப்பட்டது. அந்தக் காணியில் ஹோட்டல் எழுந்தது. நெகட்டிவ்கள் இப்போதும் என் மேசை இழுப்பறையில் உள்ளன. ஒன்றில் மட்டும், சட்டகத்தின் மூலையில், பறந்து தப்பிய மோர்போவின் நீலம் மங்கலான கீற்றாக விழுந்திருக்கிறது.