ஆளா, கொள்கையா? வட சிலாங்கூர்த் தோட்டங்களின் அரசியல், 1941–2010

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், கோல சிலாங்கூர் மாவட்டத்தின் ஈஜோக் சட்டமன்றத் தொகுதியில் 28 ஏப்ரல் 2007 அன்று இடைத்தேர்தல் நடந்தது. எதிர்க்கட்சியான பி.கே.ஆர். வேட்பாளர் காலிட் இப்ராஹிம், ஆளும் கூட்டணியைச் சேர்ந்த ம.இ.கா.வின் (மலேசிய இந்தியக் காங்கிரஸ்) கே. பார்த்திபனிடம் 1,850 வாக்கில் தோற்றார். பதினொரு மாதம்கூட ஆகவில்லை. 8 மார்ச் 2008 பொதுத்தேர்தலில் அதே காலிட் அதே ஈஜோக்கில் வென்று மந்திரி பெசாராகவும் (மாநில முதலமைச்சர்) ஆனார். தலைவரின் ஆளுமைதான் வாக்கை ஈர்க்கிறது என்பவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டிய இடம் இது. ஆள் மாறவில்லை, முடிவு மாறிவிட்டது.

பக்கத்து உலு சிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதியோ நேர் எதிரான கதை. 1990 முதல் அதைக் கையில் வைத்திருந்த ம.இ.கா.வின் ஜி. பழனிவேல், 2008இல் 198 வாக்கில் வீழ்ந்தார். வென்ற பி.கே.ஆர். உறுப்பினர் மறைந்ததால் 25 ஏப்ரல் 2010 அன்று இடைத்தேர்தல் வந்தது. ம.இ.கா. தலைமை பழனிவேலையே மீண்டும் நிறுத்த விரும்பியது. ஆளும் கூட்டணியின் தலைமைக் கட்சியான அம்னோ புதுமுகம் கேட்டது. பி. கமலநாதன் நின்றார், பி.கே.ஆர். வேட்பாளரான முன்னாள் அமைச்சர் சாயிட் இப்ராஹிமை 1,725 வாக்கில் வென்றார். இங்கே கட்சியும் அதன் கொள்கையும் அப்படியே இருந்தன, முகம்தான் மாறியது.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்கு முன், தோட்டங்கள் தலைவர்களை எப்படிப் பழகிக்கொண்டன என்பதைப் பார்க்க வேண்டும். பால்மரத் தோட்டம் ஒரு தனி உலகம். வேலை, லயம் எனப்படும் வரிசை வீடு, தமிழ்ப்பள்ளி, கோயில், கள்ளுக்கடை எல்லாம் ஒரே நிர்வாகத்தின் நிழலில். அன்று பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட ஊருக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில் 1917இல் நாட்டின் முதல் வணிக எண்ணெய்ப்பனை நடவு தொடங்கியபோதும் அந்த அமைப்பு மாறவில்லை, பயிர்தான் மாறியது. கங்காணியையும் கிராணியையும் தாண்டி உள்ளே வரும் சேதி, யாராவது ஓர் ஆளின் வாயிலாகத்தான் வந்தாக வேண்டும்.

1941இல் ஆர். எச். நாதன் கிள்ளான் வட்டாரத்தில் அப்படி வந்தவர். கூலி உயர்வு, சீனத் தொழிலாளருக்கு நிகரான சம்பளம், கள்ளுக்கடை மூடல், தோட்டத் துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழித்தல் என்று கோரிக்கைப் பட்டியல் தெளிவாகவே இருந்தது. ஆனால் வேலைநிறுத்தம் பெருந்தீயாக மூண்டது மே மாதம் அவரைக் கைது செய்த பிறகு. பட்டியலுக்காகத் தொடங்கிய போராட்டம் ஆளுக்காகப் பெருகியது. பட்டாளம் வந்தது, நாதன் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். எட்டாண்டு கழித்து, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி 4 மே 1949 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். தலைவனை நம்பி எழுந்து தலைவனோடு விழுவது எத்தனை ஆபத்து என்பதை இந்த வட்டாரம் இரண்டு முறை கண்டது.

1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் பி. பி. நாராயணன் பேச்சுவார்த்தை வழியைப் பிடித்தார். ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தனோ 1960இல் தோட்டத்துக்குத் தோட்டம் போய், பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டி தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பினார். வெள்ளைக்காரர் விற்றுச் செல்லும் தோட்டங்கள் துண்டாடப்படுவதைத் தடுப்பது அதன் நோக்கம். ஆளும் கொள்கையும் ஒன்றாக நின்ற அரிய காலம் அது என்பேன். பின்னாளைய ம.இ.கா. தலைவர் சாமிவேலு, 1982இல் தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸ் முதலீட்டு நிறுவனத்துக்குப் பணம் திரட்டியபோது மக்கள் அதே நம்பிக்கையில்தான் கொடுத்தார்கள். அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் போட்ட முதல் தேய்ந்ததுதான் மிச்சம். சம்பந்தன் சேர்த்து வைத்த நம்பிக்கையை அடுத்த தலைமுறை செலவழித்துவிட்டது.

இனி ஈஜோக். 2007 ஏப்ரலில் ஆளுங்கட்சி தார்ச்சாலையும் மானியமுமாக வந்து இறங்கியது. காலிட் முன்பு கத்ரி தோட்ட நிறுவனத்தின் தலைமை நிர்வாகி. லயத்து மக்களுக்கு அவர் துரை வரிசையில் ஒருவர் என்று தோன்றியிருந்தால் வியப்பில்லை. 25 நவம்பர் 2007 அன்று, இந்தியர் உரிமைக்காக ஹிண்ட்ராஃப் இயக்கம் நடத்திய பேரணி கோலாலம்பூரை உலுக்கியது. அதன் பிறகு தோட்டத்து வாக்காளர் காலிட்டை எடைபோட்டதாக நான் நினைக்கவில்லை. ம.இ.கா.வைத்தான் எடைபோட்டார்கள். காலிட் ஈஜோக்கில் வென்ற அதே நாளில்தான் சாமிவேலுவே சுங்கை சிப்புட்டில் தோற்றார்.

2010இல் கமலநாதனின் புதுமுகத்துக்கு மதிப்பு இருந்தது உண்மை. ஆனால் அந்த முகத்தின் பின்னால் பிரதமர் நஜிப்பின் பிரசாரமும் இடைத்தேர்தல் கால வாக்குறுதிகளும் நின்றன. சாயிட்டின் சொந்த வாழ்க்கை மேடைக்கு மேடை தாக்கப்பட்டது. ஆளை வைத்து வென்றார்கள் என்பதைவிட, எதிராளியின் ஆளுமையை வைத்து வென்றார்கள் என்பதே பொருந்தும். இடைத்தேர்தல் பணம் பேசும் தேர்தல். அதைக்கொண்டு கொள்கைக்கும் முகத்துக்கும் தீர்ப்புச் சொல்வது கடினம்.

இந்த வெற்றி தோல்விகள் எதுவும் எட்டாத ஒரு கேள்வி வீடு. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் லயத்துக்குத் தண்ணீர், மின்சாரம் முதலிய குறைந்தபட்சத் தரத்தை வகுத்தது; ஆனால் வேலை முடிந்தால் வீடும் போகும் என்ற நிலையைத் தொடவில்லை. மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் குடும்பங்கள் வாக்களிக்கப்பட்ட வீடுகளுக்காக இருபது ஆண்டுக்கு மேல் அலைந்தன. பழனிவேல், காலிட், கமலநாதன் என்று முகங்கள் வந்து போனபோதும் அந்தக் காத்திருப்பு நீண்டுகொண்டேயிருந்தது.