ராக் கிரீக் ஓடைக்கரை மாவாலை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைநகராம் வாஷிங்டனின் நடுவே, ராக் கிரீக் என்னும் ஓடை காட்டினூடே செல்கிறது. முற்காலத்தில் இதன் நீரால் சுழன்ற ஆலைகள் எட்டுக்குக் குறையா. எஞ்சி நிற்பது ஒன்றே. 1820களில் ஐசக் பியர்ஸ் என்பார் கல்லால் எழுப்பிய மாவாலை அது.

உள்ளே செல்வோர் முதலில் நோக்கவேண்டியது அரைக்கும் கற்களையன்று. நம் வீட்டுத் திரிகையைப்போலவே அங்கும் கீழ்க்கல் அசையாது, மேற்கல் சுழலும், நடுத்துளையில் இறங்கிய தானியம் மாவாகி விளிம்பில் சிந்தும். இதில் புதுமை ஏதுமில்லை. புதுமை, கற்களைச் சூழ்ந்த மரப்பொறிகளில் இருக்கிறது. அவற்றை வகுத்தவர் ஆலிவர் எவன்ஸ். அவருக்கு முன் மூட்டையை மாடிக்குச் சுமப்பதும், சூடான மாவை வாரியால் கிளறி ஆற்றுவதும் ஆட்களின் வேலை. எவன்ஸ், வார்ப்பட்டையில் சிறு கிண்ணங்களைக் கோத்துத் தானியத்தை மேலேற்றினார்; திருகுத்தண்டால் கிடையாக நகர்த்தினார்; மாவாற்றும் வாரியையும் நீர்ச்சக்கரத்தோடு பிணைத்தார். அந்த வாரிக்கு 'ஹாப்பர் பையன்' என்று பெயர். வேலையிழந்த சிறுவனின் பெயர் பொறிக்கு நிலைத்துவிட்டது போலும்! இவ்வமைப்புக்கு 1790இல் கிடைத்தது, அந்நாட்டரசு வழங்கிய மூன்றாவது காப்புரிமையாகும்.

மனிதக் கை படாமல் மாவு தரும் ஆலை என்று இதனைப் புகழ்வர். பொறியைப் பற்றிய அளவில் அது மெய். ஆனால் பியர்ஸ் குடும்பத்தார் அடிமைகளை உடையவர். ஆலையைச் சூழ்ந்த அவர்தம் நிலபுலம் எவர் கையால் விளைந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால், வரலாறு பாதியாகிவிடும். 1862 ஏப்ரல் 16இல் தலைநகரில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஏறத்தாழ 3,100 பேர் விடுதலை பெற்றனர். இழப்பீடும் தரப்பட்டது. உழைத்தவருக்கன்று, உடையவருக்கு! ஆளொருவருக்குச் சராசரி 300 டாலருக்கு மேற்படாத தொகை அது. விடுதலை பெற்றவருக்கோ, நாட்டை விட்டுக் குடியேற இசைந்தால் மட்டும் 100 டாலர் வரை. விலை மதிக்கவேண்டி, உடையவர்கள் தத்தம் அடிமைகளின் பெயரையும் வயதையும் எழுதிக் கொடுத்தார்கள். அவ்விலைப் பட்டியல்களே இன்று அம்மக்களின் பெயர்களை அறிய உதவும் சான்றுகளாயின.

1890இல் ஓடைப் பகுதி பொதுப் பூங்காவாயிற்று. 1897இல் அச்சு முறிந்து ஆலை நின்றது. பின்னர்ச் சில காலம் தேநீர்க்கடையாகவும் இருந்தது. 1936இல் மீண்டும் ஓடி, அரசாங்கச் சிற்றுண்டிச் சாலைகளுக்கு மாவு தந்தது. 1993இல் பழுதுற்று, 2011இல் மறுபடி சுழன்றது.

அதே பூங்காவில் இயற்கைக் கல்வி நிலையமொன்றும், அதனுள் விண்மீன்களைக் காட்டும் கோளரங்கமும் உண்டு. மாணவரை அங்கே அழைத்துச் செல்லும் ஆசிரியர், ஆலையருகிலுள்ள அணையையும் காட்டுதல் நன்று. ஆலைக்காகக் கட்டியதென்று பலர் எண்ணும் அவ்வணை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெறும் அழகுக்காக எழுப்பப்பட்டது. இளவேனிலில் முட்டையிட மேலேறிவரும் ஹெர்ரிங் மீன்களை அது தடுத்தது. 2006ஆம் ஆண்டளவில் அதன் ஓரத்தில் மீன்கள் ஏறிச்செல்ல நீர்ப்படி அமைத்தார்கள்.