தொப்புள் மட்டத்தில் ஒரு படம்

போன மாதம் வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் "ஃபேட்டி லிவர், கிரேடு 1" என்று வந்தது. நான் 62 கிலோ. ஆபீசில் ஒல்லிக்குச்சி என்றே பெயர். குடிப்பழக்கம் கிடையாது. ரிப்போர்ட்டைப் படித்த மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். டாக்டரோ, "தராசுக்கு இதெல்லாம் தெரியாது சார்" என்று சிரித்தார். அது எப்போதிலிருந்து தெரியும் என்று தேடிப் படித்தேன்.

1947-லேயே பிரான்சில், மார்செய் நகரத்து டாக்டர் ழான் வாக், கொழுப்பு எவ்வளவு என்பதைவிட உடம்பில் எங்கே சேர்கிறது என்பதே முக்கியம் என்று எழுதிவிட்டார். ஆனால் அவரால் வெளியிலிருந்துதான் அளக்க முடிந்தது. உயிரோடிருப்பவரின் தொப்பைக்குள் எப்படிப் பார்ப்பது?

அதற்கு வழி செய்தது 1971-ல் லண்டனில் வந்த சி.டி. ஸ்கேன். செய்தவர் ஹவுன்ஸ்ஃபீல்டு, கிராமபோன் ரெக்கார்டு போட்ட அதே இ.எம்.ஐ. கம்பெனியின் பொறியாளர்! அந்தப் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. கொழுப்பு மைனஸ் 100-ஐ ஒட்டி வரும். எனவே கொழுப்பை மட்டும் தனியாகப் பிரித்து அளந்துவிடலாம்.

1983-ல் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் மட்சுசாவாவின் குழு இதைப் பிடித்துக்கொண்டது. தொப்புள் மட்டத்தில் ஒரே ஒரு குறுக்குவெட்டுப் படம். தோலுக்கு அடியில் எவ்வளவு, குடலைச் சுற்றி எவ்வளவு என்று சதுர சென்டிமீட்டரில் கணக்கு. சுமோ மல்லர்களைப் படமெடுத்தபோதுதான் வேடிக்கை. மலை மாதிரி இருந்தவர்களின் கொழுப்பில் பெரும்பங்கு தோலுக்கு அடியில்தான், உள்ளே கொஞ்சம்தான். கடும் பயிற்சிதான் காரணம் என்கிறார்கள். உடம்பைப் பார்த்து நாம் யாரையெல்லாம் கேலி செய்திருக்கிறோம்!

கல்லீரலையும் இதே படம் காட்டிக்கொடுத்தது. சி.டி.யில் நல்ல கல்லீரல் மண்ணீரலைவிட வெளுப்பாகத் தெரியும். கொழுப்பு ஏற ஏறக் கறுக்கும். எனக்கு எடுத்தது அல்ட்ராசவுண்டு. அதில் தலைகீழ்: கொழுத்த கல்லீரல் பக்கத்துச் சிறுநீரகத்தைவிடப் பளிச்சென்று தெரியும். குடிக்காதவர்களுக்கும் குடிகாரர்களைப் போலவே கல்லீரல் கெடுவதை 1980-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லுட்விக் என்பவர் 20 நோயாளிகளின் திசுவை வைத்துக் காட்டி, அதற்குத் தனிப் பெயரும் வைத்தார். இதை மனைவியிடம் இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

ஜப்பானில் உள்கொழுப்பு 100 சதுர சென்டிமீட்டரைத் தாண்டினால் ஆபத்து என்று வைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் சி.டி. எடுக்க முடியாதல்லவா? அதற்கு ஈடாக ஆண்களுக்கு இடுப்பளவு 85 சென்டிமீட்டர். 2008 முதல் 40 வயதுக்கு மேற்பட்டவர்களை ஆண்டுதோறும் அளக்கிறார்கள்.

தையல் மிஷின் டிராயரிலிருந்து டேப்பை எடுத்து வந்து மனைவியே அளந்தாள். 91.